பலகைச் சுவருக்கு வெள்ளை

விஷ்ராந்த்வாடியில் இருக்கும் எங்கள் வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் ஹாலுக்குள் நுழைந்ததும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். எவ்வளவு வெளிச்சம்! பழைய கட்டடத்தில் இப்படி ஒரு ஹாலா என்று சுவரைத் தடவிக்கூடப் பார்க்கிறார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்தச் சுவருக்கு வெள்ளை அடிக்க வைத்தவள் நான். அடித்ததால்தான் என் அம்மா அந்த வீட்டை விட்டுப் போக வேண்டி வந்தது. ஆறுதல் தேடி இதை எழுதவில்லை. ஆறுதல் சொல்ல வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

எங்கள் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்த மராத்திச் சீமைக்கு வந்து, வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து அந்த வீட்டை வாங்கினார். இரண்டாவது மாடி. ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை. அந்தக் கிளார்க் ஆசைப்பட்டு ஹாலின் நான்கு சுவர்களுக்கும் தரையிலிருந்து கூரைவரை பலகை அடித்திருந்தார். கரும்பழுப்பு நிறம். நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பலகை, அதற்கு அடுத்து விரல் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம், பிறகு மறுபடி பலகை. அந்தக் காலத்தில் அது பெரிய அந்தஸ்தாம்.

அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "பொட்டிக்குள்ள குடித்தனம் பண்ற மாதிரி கீது" என்பாள். போகிக்கு வீட்டை வெள்ளையடிக்கும் வழக்கம் உள்ள குடும்பத்தில் பிறந்தவள். ஒவ்வொரு மார்கழியிலும் அப்பாவைப் பிடுங்கி எடுப்பாள், இதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வெள்ளை அடித்தால் என்ன என்று. அப்பா அசையமாட்டார். ஆடியில் பிடித்து ஆவணி வரைக்கும் விடாமல் பெய்யும் மழைக்குச் சுவரில் ஏறும் ஓதத்தை அந்தப் பலகை மறைத்துக்கொண்டிருந்தது. அது போதும் அவருக்கு. இப்படியே முப்பது வருஷம் சண்டை போட்டார்கள்.

அப்பா போன பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், பெங்களூரில் இருக்கும் என் தம்பி பேச்சை எடுத்தான். வீட்டை விற்றுவிட்டு அம்மா யாராவது ஒருவரோடு வந்து இருக்கட்டும் என்றான். அம்மா அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் கைகாலு ஓடற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். முடியலன்னா நானே சொல்றேன். அப்ப எங்க கூட்டிகினு போனாலும் வாயத் தொறக்காம வரேன். அது வரைக்கும் இந்தப் பேச்சு வாணாம்."

நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்டோம். ஒப்புக்கொண்டோமே தவிர, சும்மா விட்டோமா? தம்பி போனில் பேசும்போதெல்லாம் துருவித் துருவிக் கேட்பான். நான் பக்கத்தில், பிம்ப்ரியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய், பிரிட்ஜைத் திறந்து பார்ப்பேன், மாத்திரை அட்டையைப் பார்ப்பேன், தரையில் தூசு இருக்கிறதா என்று பார்ப்பேன். பாசம்தான். ஆனால் அம்மாவுக்கு அது வாராவாரம் வரும் பரீட்சை. அதில் தோற்றால் வீடு போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

என் வேலையைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு மருந்து கம்பெனியில் குப்பிகளைப் பரிசோதிக்கும் பிரிவில் இருபது வருஷமாக இருக்கிறேன். விளக்கின் முன்னால் குப்பியைப் பிடித்து மெல்லச் சுழற்றி, உள்ளே தூசு, முடி, கண்ணாடித் துகள் ஏதாவது மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதிரே பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக ஒரு பலகை. வெள்ளைத் துகள் வெள்ளைக்கு முன்னால் தெரியாது, கறுப்புக்கு முன்னால்தான் தெரியும். கறுப்புத் துகளுக்கு இதற்கு நேர்மாறு. வருஷா வருஷம் எங்கள் கண்ணைக் கம்பெனியே பரிசோதிக்கும். என் கண்ணில் இதுவரை ஒரு குறையும் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு அம்மாவிடம் என்னென்ன பார்த்தேன் என்று இப்போது யோசித்தால் உடம்பு கூசுகிறது. வாசலில் புள்ளிக் கோலம் போடுவதை அவள் நிறுத்தி, பிளாஸ்டிக் கோலம் ஒன்றை வாங்கி ஒட்டியிருந்தாள். "சோம்பேறியாயிட்டே" என்று கிண்டல் செய்தேன். காபியை ஊற்றும்போது டம்ளருக்குள் விரலை விட்டுக்கொண்டு ஊற்றினாள். சுத்தமே இல்லை என்று திட்டினேன். பக்கத்தில் போய் நின்றால் திடுக்கிட்டுத் திரும்பினாள். காது மந்தமாகிவிட்டது என்று தம்பியிடம் சொன்னேன். கண்ணைக் காட்டிக்கொண்டு வரலாமா என்று நானும் ஒரு முறை கேட்டேன்தான். "லேசாப் புரை கீது, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாள். டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்து சீரியல் பார்க்கிறாளே, அப்புறம் என்ன என்று விட்டுவிட்டேன்.

பலகையில் இருந்த பொட்டுகளையும் பார்த்தேன். ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலைக் குடும்பங்களில் எல்லாச் சாமானுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அப்பாவின் சைக்கிள், ஸ்பானர், பீரோ, மிக்ஸி என்று அம்மா எதையும் விடமாட்டாள். அப்பா போன பிறகு ஹால் பலகைக்கும் வைக்க ஆரம்பித்திருந்தாள். இடுப்பு உயரத்தில், அங்கங்கே, தடித்தடியாக. சுவிட்சுப் பக்கத்தில் ஒன்று, சமையலறைக் கதவுக்கு முன்னால் ஒன்று, பாத்ரூமுக்குத் திரும்பும் மூலையில் ஒன்று. வருஷத்துக்கு வருஷம் எண்ணிக்கை கூடியது. வயசானால் பக்தி கூடும் என்று நினைத்துக்கொண்டேன்.

"சுவத்துக்கு எதுக்கும்மா பொட்டு? சாமி சுவத்துலயா கீது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எங்கதான் இல்ல? தொடாதே, அது வேண்டுதல்" என்றாள்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய டிசம்பரில் அந்த யோசனை எனக்கு வந்தது. கட்டடத்தில் எல்லாரும் வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஹால் மட்டும் பகலிலேயே விளக்குப் போட வேண்டியதாய் இருந்தது. பலகையின் மெருகு போய், எண்ணெய்ப் பிசுக்கேறி, பள்ளங்களில் தூசு அடைந்து கிடந்தது. அம்மா முப்பது வருஷம் கேட்டது, அப்பா செய்யவில்லை, நான் செய்துகாட்டுகிறேன் என்று கிளம்பினேன். பொங்கலுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது என் திட்டம். எனக்கு ஒரு காரியம் தோன்றிவிட்டால் அது நடந்தாக வேண்டும். என் கணவர் இதைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதுவார்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன்.

"இன்னாத்துக்குடி இப்ப அதெல்லாம்? நல்லாத்தானே கீது."

"நல்லா கீதா? நீதானே பொட்டி பொட்டின்னு புலம்புவே?"

"அது அப்போ. இப்ப பழகிடுச்சு. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

நான் விடவில்லை. கஞ்சத்தனம் என்றேன். அப்பா இருந்தவரை கேட்டுவிட்டு இப்போது வேண்டாம் என்றால் எந்த ஊர் நியாயம் என்றேன். கடைசியில், "தனியா இருக்கறதால உனக்கு எதுலயும் பிடிப்பில்லாம போச்சு. இப்படியே இருந்தா தம்பி சொல்றதுதான் சரின்னு தோணுது" என்று ஒரு வார்த்தை சொன்னேன். சும்மா வாய்க்கு வந்ததுதான். அம்மா பலகையை ஒரு தடவை தடவினாள்.

"சரி, அடிச்சுக்கோ. ஆனா அந்தப் பொட்டை மட்டும் விட்டுடு. சாமிக்கு வெச்சது. அதைச் சுத்தி அடிக்கச் சொல்லு."

"சரிம்மா, சரி."

அவள் கேட்டது அது ஒன்றுதான்.

வேலை நடந்த பத்து நாளும் அம்மா பிம்ப்ரியில் எங்கள் வீட்டில் இருந்தாள். அங்கே அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நாற்காலியில் இடித்துக்கொண்டாள். தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டாள். பெரும்பாலும் சோபாவின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாத்ரூமுக்குப் போக வேண்டுமென்றால், நானோ கணவரோ எழுந்து நடக்கும்வரை காத்திருந்து எங்கள் பின்னாலேயே வந்தாள். புது இடம், பழக்கமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எப்போதும் கையில் பதில் வைத்திருப்பவள் நான்.

வேலைக்கு வந்த மிஸ்திரி நல்ல மனிதர். பலகையைப் பிடுங்கினால் பின்னால் ஓதமும் கறையானும் எந்த லட்சணத்தில் இருக்குமோ, பிடுங்க வேண்டாம் என்றார். சோடா கலந்த தண்ணீரில் பிசுக்கைக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பள்ளங்களைப் பட்டி வைத்து நிரப்பிச் சமமாக்கி, பிரைமர் அடித்து, அதன்மேல் இரண்டு கை வெள்ளை ஆயில் பெயின்ட் அடித்தால் பலகை இருந்த சுவடே தெரியாது என்றார். பள்ளத்தை அப்படியே விட்டாலும் அழகாய்த்தான் இருக்கும், இப்போது அதுதான் மோஸ்தர் என்றும் சொன்னார். எனக்குத் தூசு அடையும் பள்ளமே பிடிக்காது. நிரப்பச் சொன்னேன்.

மூன்றாம் நாள் மிஸ்திரி எனக்குப் போன் செய்தார். சுவரில் பூஜைக்குறி இருக்கிறது, சுரண்டினால் பாவம் வரும், என்ன செய்யட்டும் என்று இந்தியில் கேட்டார். வேலை முடிந்து நேராக விஷ்ராந்த்வாடி போனேன். கழுவித் தேய்த்த பலகையில் அந்தப் பொட்டுகள் மட்டும் புண் ஆறிய வடு மாதிரி நின்றன. அதைச் சுற்றி வெள்ளை அடித்தால் எவ்வளவு அசிங்கமாய் இருக்கும் என்று யோசித்தேன். மிஸ்திரிக்குத்தானே பாவம்? நான் மகள், எனக்கு என்ன வந்தது என்று சமையலறையிலிருந்து தோசைக் கரண்டியை எடுத்து வந்து நானே சுரண்டினேன்.

லேசில் வரவில்லை. வெறும் சந்தனம் இல்லை அது, மைதாப் பசையில் குழைத்து வைத்தது. சமையலறைக் கதவுக்கு முன்னால் இருந்த பொட்டைப் பெயர்த்தபோது உள்ளே ஒரு கடலைப் பருப்பு இருந்தது. பாத்ரூம் மூலையில் இருந்ததில் இரண்டு. படுக்கை அறைக்கு மூன்று. வாசற்கதவுக்குப் பக்கத்தில் நான்கு, வரிசையாக. ஏதோ நவதானியம் மாதிரி வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்தேன். குப்பிக்குள் மிதக்கும் மயிரிழையைக் கண்டுபிடிக்கிறவள், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கையில் வந்து விழுந்ததைப் பார்த்தும் ஒன்றும் புரியாமல், முறத்தில் அள்ளிக் குப்பையில் போட்டேன்.

போகிக்கு முதல் நாள் சாயங்காலம் அம்மாவை அழைத்து வந்தேன். கதவைத் திறந்தபோது எனக்கே கண் கூசியது. ஹால் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. சுவர், கதவு, கதவுநிலை, சுவிட்சுப் பலகை எல்லாம் ஒரே வெள்ளை. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு அடி வைத்து, வலது கையை நீட்டிச் சுவரைத் தொட்டாள். கை வழுக்கிக்கொண்டு போனது. இன்னும் கொஞ்சம் தள்ளித் தொட்டாள். அங்கேயும் வழுக்கியது.

"பொட்டு?" என்றாள்.

"எடுத்தாச்சும்மா. ரொம்ப அசிங்கமா இருந்துச்சு. வர்ற ஆயுத பூஜைக்குப் புதுசா வெச்சுக்கோ."

அவள் அந்த இடத்திலேயே நின்றாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா கீது. வெள்ளையா கீது" என்றாள். அவ்வளவுதானா என்று எனக்கு மனசு விட்டுப்போனது. பத்து நாள் அலைந்திருக்கிறேன், இரண்டு நல்ல வார்த்தை சொன்னால் என்ன என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இரவு ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். இரண்டு நாள் போனிலும் சரியாகப் பேசவில்லை.

பொங்கலன்று காலை ஒன்பது மணிக்குக் கரும்பும் மஞ்சள் கொத்துமாகப் போனேன். அம்மா எப்போதும் அதிகாலையிலேயே பொங்கல் வைத்துவிடுவாள். அன்றைக்குப் படிக்கட்டில் நெய் வாசனை இல்லை. பெல் அடித்தேன். "வரேன்" என்று குரல் கேட்டது. வரவில்லை. மறுபடி அடித்தேன். "வரேண்டி, வரேன்." குரல் வாசலுக்கு வராமல் வேறு பக்கம் போயிற்று. உள்ளங்கை சுவரில் உரசிக்கொண்டு போகும் சத்தம். பிறகு ஏதோ பாத்திரம் உருண்டது.

எதிர்வீட்டு மராத்திக்கார அம்மாள் ஈரக்கையோடு வெளியே வந்தாள். என்னைத் தள்ளிக்கொண்டு கதவருகே போய், காதை வைத்துக் கேட்டுவிட்டு உரக்கக் கத்தினாள்.

"உஜவீகடே, அம்மா! உஜவீகடே!"

வலது பக்கம், வலது பக்கம் என்கிறாள். உள்ளே உரசும் சத்தம் நின்று, திரும்பி, எங்களை நோக்கி வந்தது. "ஆதா சரள்" என்றாள். இனி நேராக. தாழ்ப்பாளை விரல்கள் தேடின. மேலே தேடின, கீழே தேடின, கடைசியில் கதவு திறந்தது. அம்மாவின் நெற்றியில் நீலமாக ஒரு வீக்கம். புதுப் புடவையை உட்புறம் வெளியே தெரியக் கட்டியிருந்தாள். எனக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

எதிர்வீட்டு அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்குத் தெரியாதா?" என்று இந்தியில் மெல்லக் கேட்டாள். எனக்குத் தெரியாது. அவளுக்கு மூன்று வருஷமாய்த் தெரியும்.

கரும்பைப் போட்டுவிட்டு அம்மாவை உட்கார வைத்தேன். கத்தினேன். அழவேண்டிய இடத்தில் கத்துவதுதான் என் சுபாவம். ஏன் சொல்லவில்லை, எத்தனை நாளாக, நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று. அம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொன்னா கூட்டிகினு போயிடுவீங்க. அதான் சொல்லல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா இறந்த வருஷமே வலது கண் போய்விட்டதாம். இடது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது, சாவித்துவாரத்தில் பார்ப்பது போல. பலகைப் பள்ளத்தில் விரலை விட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாய் எண்ணிக்கொண்டே நடந்தால் ஹாலில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். எண்ணிக்கை தப்பினால் பொட்டு இருக்கிறது. ஒரு பருப்பு சமையல்கட்டு, இரண்டு பாத்ரூம், மூன்று படுக்கை, நான்கு வாசல். கரும்பழுப்புப் பலகையில் வெள்ளை சுவிட்சு மட்டும் அந்தத் துவாரத்துக்குள் மங்கலாய்த் தெரியும். எதிர்வீட்டுக்காரி மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போட்டுக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை நான் வருவதற்குள் அம்மா தரையை இரண்டு தடவை துடைத்துவிடுவாள், எங்கே தூசு இருக்கிறது என்று தெரியாததால்.

"அப்போ வெள்ளை அடிக்க வாணாம்னு அடிச்சுச் சொல்லியிருக்கலாமே!"

"ரொம்பப் பிடிவாதம் பண்ணா ஏன்னு கேப்பே. அதான் பொட்டை மட்டும் விடச் சொன்னேன். அது இருந்தா சமாளிச்சிருப்பேன்."

குறையாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கண் டாக்டர் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது என்றார். போனது போனதுதான். சொட்டு மருந்து போட்டால் மிச்சமிருக்கும் துளியைச் சில காலம் காப்பாற்றலாம், அதுவும் உறுதியில்லை. இரண்டு மூன்று வருஷம் முன்னால் வந்திருந்தால் ஒரு கண்ணாவது நின்றிருக்கும் என்றார். இந்த மாதிரிக் கண்ணுக்குக் கருப்பின் மேல் வெள்ளை, வெள்ளையின் மேல் கருப்பு இருந்தால் ஓரளவு தெரியும், எல்லாம் ஒரே நிறமாக இருக்கக் கூடாது என்று எனக்கு விளக்கினார். எனக்கு! நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

வேலைக்கு லீவு போட்டுவிட்டு மூன்று வாரம் அம்மாவோடு இருந்தேன். எப்படியாவது அந்த வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று வெறி. மிஸ்திரியைக் கூப்பிட்டுப் பட்டியை நோண்டி எடுக்கச் சொன்னேன். ஒரு மூலையில் முயன்று பார்த்தார். பட்டியோடு பலகையின் மேல்தோலும் சிராய் சிராயாகப் பெயர்ந்து வந்தது. தடவினால் கையில் ஏறும். போதும் என்று அனுப்பிவிட்டேன். அம்மாவும் நானும் உட்கார்ந்து மைதாவும் சந்தனமும் குழைத்தோம். அவள் விரலாலேயே பருப்பை எண்ணி எண்ணி வைத்தாள். ஆயில் பெயின்ட் மேல் எதுவும் பிடிக்கவில்லை. காய்ந்ததும் பொட்டு முழுசாகக் கழன்று விழுந்தது. வேறு பசை வாங்கி ஒட்டினேன். கறுப்பு டேப் ஒட்டினேன். அதெல்லாம் நின்றது.

ஆனால் அம்மாவுக்குள் ஏதோ விட்டுப்போயிருந்தது. நான்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாய்ப் போன பார்வைக்கு ஈடாக, கொஞ்சம் கொஞ்சமாய்த் தானே கண்டுபிடித்துக் கட்டிய வழி அது. நான் மூன்று வாரத்தில் ஒட்டிக் கொடுத்தது அவள் கைக்குப் பழகவில்லை. ஒவ்வொரு அடிக்கும் நின்றாள். ஒரு நாள் கேஸைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டே நின்றிருக்கிறாள். நான் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தபோது நெடி. ஓடிப்போய் மூடினேன். ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டேன்.

தம்பியிடம் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அம்மா கேட்டுக்கொண்டதால் அல்ல, அவள் கேட்கவே இல்லை. சொன்னால் முடிந்துவிடும் என்ற பயம்தான். இத்தனை வருஷம் அவள் தனியாக ஒளித்ததை அந்த மூன்று வாரம் நானும் சேர்ந்து ஒளித்தேன். போனில் அவன் கேட்டபோது, "ஜம்முனு இருக்காங்கடா" என்றேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

கேஸ் நெடி வந்ததற்கு மறுநாள் காலை, நான் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவளாகவே தொடங்கினாள்.

"முடியலன்னா நானே சொல்றேன்னு சொன்னேன் இல்ல?"

"இப்ப எதுக்கும்மா அது?"

"சொல்றேன். தம்பிக்குப் போன் போடு."

நான் சீப்பைப் பிடித்தபடி நின்றேன். வேண்டாம்மா, நான் வேலையை விட்டுவிடுகிறேன், இங்கேயே வந்து இருக்கிறேன் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அம்மா கையை உயர்த்தி என் முகத்தைத் தேடினாள். முதலில் காது அகப்பட்டது, பிறகு கன்னம்.

"நீ நல்லதுதாண்டி செஞ்சே. எனக்குத்தான் எடுத்துக்கத் தெரியல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாசி பிறந்து நான்காம் நாள் புறப்பட்டோம். பெங்களூர் தூரம், நீயே கொஞ்ச நாள் வைத்துக்கொள் என்று தம்பி சொன்னான். என் வீட்டுக்கு வருகிறாள் என்பதில் எனக்குச் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. இரண்டு பை, ஒரு சாமி படம். எதிர்வீட்டு அம்மாள் குங்குமம் வைக்க வந்து, கணவர் இல்லாதவள் என்று நினைவு வந்து தயங்கி, பிறகு எதையும் பார்க்காமல் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பூட்டைப் பூட்டிச் சாவியை அம்மா கையில் கொடுத்தேன். அவள் அதை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

படிக்கட்டுக்கு வந்ததும் கையைப் பிடித்துக்கொள்ளப் போனேன். "இரு" என்றாள். கைப்பிடியைத் தொட்டாள். அத்தனை வருஷமாய் ஞாயிற்றுக்கிழமை என்னை வழியனுப்ப அவள் அந்தப் படியில் கீழ்வரை இறங்கி வருவாள், பேச்சை நிறுத்தாமல், சிரித்துக்கொண்டே. எவ்வளவு திடமாக இறங்குகிறாள் என்று நான் தம்பியிடம் பெருமையாகச் சொன்னதுண்டு. அன்றைக்கு அவள் முதல் படியில் கால் வைத்து, "ஒண்ணு" என்றாள். அடுத்ததில், "ரெண்டு." ஒன்பதில் படிக்கட்டு வளையும் இடத்தில் நின்று, திரும்பி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். யாரிடமிருந்தும் இனி ஒளிக்க வேண்டியதில்லை என்பதால், கட்டடம் முழுக்கக் கேட்கும்படி, வாய்விட்டே எண்ணிக்கொண்டு இறங்கினாள்.